எச்சில்ல நிண்ட கோடு

எல்லாரும் சாப்பிட்டு முடிச்சாச்சோ? முதல் கோப்பையளைக் கழுவி வையுங்கோ. இதைச் சாப்பாட்டுக்கு முன்னால சொல்லிப்போட்டு ஒருக்கால் நல்ல பேச்சு வாங்கினனான். அந்த ஜாம் போத்தல் விளக்கைக் கொஞ்சம் இஞ்சால தள்ளுங்கோ... காணும், காணும். மண்ணெண்ணெய் விக்கிற விலைக்குத் திரியை இறக்கியே விடுங்கோ. இந்தக் கதைக்கு வெளிச்சம் தேவையில்லை.

நீங்கள் யாழ்ப்பாணத்தால இடம்பெயர்ந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து இன்னும் ஒரு மாரி முடியேல்லை. பேயெண்டால் நடுச்சாமம், சுடலை, புளியமரம் எண்டு நினைச்சுக்கொண்டிருப்பியள். எங்கட பக்கத்துப் பேய் அப்பிடியில்லை. இது மத்தியானத்தில வந்தது. உச்சி வெயில்... நிழல் காலுக்குள்ள ஒதுங்கிக் கிடக்கிற நேரம். இடம், புளியங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் நடுவில, ஏ ஒன்பது றோட்டு. பேருக்குத்தான் பெரிய றோட்டு. தார் கிளம்பி, ரெண்டு பக்கமும் காடு மூடி, இடைக்கிடை ஒரு சைக்கிள் போனால் அதுவே பெரிசு.

எனக்கு இதைச் சொன்னவன் கதிர்காமநாதன். கூப்பன் சாமான் குடுக்கிற சங்கக்கடையில என்னோட ஒண்டா வேலைக்கு நிண்டவன். பொய் சொல்லுறதுக்கு அவனுக்குக் கெட்டித்தனம் காணாது. நடந்தது அவன்ர மனுசி ஜெகதீஸ்வரியின்ர தங்கச்சிக்கு. விமலேஸ்வரி எண்டு பேர். கனகராயன்குளத்தில வயல் செய்யிற யோகலிங்கத்தின்ர மனுசி. எனக்கு இந்தக் கதையில பயம் வாறேல்லை, கேளுங்கோ. அருவருப்புத்தான் வாறது. இப்பவும் நினைச்சால் வாயைக் கொப்புளிக்கவேணும் போல கிடக்கும்.

யோகலிங்கத்துக்கு வலது காதுக்குக் கீழ ஒரு கட்டி வந்தது. முதல் பாக்களவு. நோகேல்லை, அதால அவர் கவனிக்கேல்லை. பிறகு அது கழுத்துப் பக்கம் இறங்கிப் பெருத்தாப்பிறகுதான் வவுனியாவுக்குக் கொண்டு போனவை. அங்கயிருந்து கொழும்புப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு. பாஸ் எடுத்துத் தாண்டிக்குளத்தில ஆமிச் சென்றி கடந்த கதையைச் சொல்லப்போனால் விடிஞ்சிடும். அது தனிப் பேய்க்கதை. அங்க போனால், கான்சர் எண்டாச்சு. வெட்டேலாத இடம், நரம்பெல்லாம் அதுக்குள்ளால ஓடுது, கறண்ட் பிடிக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டினம்.

நாங்கள் கறண்டைக் கண்டு எத்தினை வரியம்? ஊரில கறண்ட் வயரைக் கழட்டி உடுப்புக் காயப்போடக் கொடி கட்டியாச்சு. அதால விமலேஸ்வரி அந்தச் சொல்லைக் கேட்ட உடன, மனுசனைப் பிளக்கில குடுத்துச் சாக்காட்டப் போகினம் எண்டு அழுதவ. அப்பிடியொண்டுமில்லை. தடிச்ச கதவு போட்ட ஒரு அறை. உள்ளுக்கு ஒரு கட்டில், மேல கழுத்து நீட்டிக்கொண்டு ஒரு மெசின். ஆளைப் படுக்க வைச்சு, தலையை இடப்பக்கம் திருப்பிப்போட்டு, எல்லாரும் வெளியில வந்து கதவைச் சாத்திப் போடுவினம். டக்... ங்ங்ங்ங் எண்டு ஒரு சத்தம்... திரும்பவும் டக். முடிஞ்சுது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஒருத்தரும் தொடுறதுமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் வந்து கட்டியை மட்டும் சுட்டுப்போட்டுப் போகுமாம்.

அது எங்க சுடவேணும் எண்டதுதான் விசயம். அதுக்கொரு கோடு கீறி விடுவினம். கட்டியைச் சுத்தி ஊதா நிறத்தில நாலு பக்கக் கோடு, நடுவில சிலுவை மாதிரி ஒரு குருசு. கோட்டுக்குள்ள பட்டால் கட்டி சாகும், வெளியில பட்டால் நல்ல சதை சாகும், ஒரு நூல் விலகக்கூடாது எண்டு அங்க நிண்ட தமிழ் நேர்ஸ் விமலேஸ்வரிக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னவ. தண்ணி படக்கூடாது, சவுக்காரம் கூடாது, எண்ணெய் கூடாது. அண்டையிலிருந்து அவவுக்கு மனுசன்ர முகத்தைவிட அந்தக் கோடுதான் பெரிசு. காலமை எழும்பினதும் அதைத்தான் பார்ப்பா.

கறண்ட் பிடிக்கப் பிடிக்க ரெண்டு காரியம் நடக்கும். தோல் கறுத்து உரியும். மற்றது, வாயில எச்சில் வத்திப்போகும். ஒரு சொட்டு ஊறாது. யோகலிங்கம் சோத்தைத் தண்ணி ஊத்தி ஊத்தித்தான் விழுங்கினவர். இதை ஞாபகம் வைச்சிருங்கோ. அங்கால ஆர் பிஸ்கற் கடிக்கிறது? நான் சொன்னனான், பிறகு என்னைக் குறை சொல்லாதையுங்கோ.

அரைவாசிக் கறண்ட் பிடிச்சு முடிய, ஊரில அவற்ர தாய் செத்துப்போச்சு. யோகலிங்கம் ஒரே பெடியன். கொள்ளி வைக்க அவர் வந்துதான் ஆகவேணும். கெதியாத் திரும்பி வரவேணும், கோடு கவனம் எண்டு சொல்லித்தான் ஆஸ்பத்திரியில விட்டவை. வந்தாச்சு. ஆனால் கொள்ளி வைக்கிறவன் தலை தோயாமல் கிரியையில இருக்கேலுமோ? ஐயரும் மாட்டனெண்டார், இனசனமும் மாட்டனெண்டிச்சுது. விமலேஸ்வரி கிணத்தடியில நிண்டு காலைப் பிடிக்காத குறையாக் கேட்டுப் பார்த்தா. செத்த தாய்க்கு இதைக்கூடச் செய்யாட்டில் என்னத்துக்குப் பிள்ளை எண்டு அவரே வாளியை எடுத்துத் தலையில ஊத்திப்போட்டார். தண்ணியோட ஊதா இறங்கி நெஞ்சில வடிஞ்சுது.

முழுக்கப் போகேல்லை. தடம் கிடந்தது. அப்ப கதிர்காமநாதன்தான் சங்கக்கடைப் பென்சில் ஒண்டைக் கொண்டுவந்து குடுத்தவன். தெரியும்தானே, அந்த ஊதாப் பென்சில்? சும்மா எழுதினால் கறுப்பு. நாக்கில தொட்டு எழுதினால் ஊதா, லேசில அழியாது. கடையில நிக்கிற எங்களுக்கெல்லாம் நாக்கு நுனி எப்பவும் ஊதாதான். யோகலிங்கத்தின்ர வாயில எச்சில் இல்லை. அதால விமலேஸ்வரி தன்ர நாக்கில தொட்டுத் தொட்டு, தடத்துக்கு மேலயே ஒரு நூல் விலகாமல் கீறி முடிச்சா.  

செத்தவீட்டில இன்னொண்டும் நடந்தது. எல்லாருக்கும் கோப்பையில தேத்தண்ணி, யோகலிங்கத்துக்கு மட்டும் தனியா ஒரு தகரப் பேணி. ஒருத்தி கட்டியைப் பார்த்திட்டுச் சீலைத் தலைப்பால மூக்கைப் பொத்தினவள். விமலேஸ்வரி கண்டவ.  நான் சாகுமட்டும் ஒரு நோயாளியையும் பார்த்து முகம் சுழிக்க மாட்டன் எண்டு அந்த இடத்திலயே நினைச்சுக்கொண்டாவாம். நல்ல நினைப்புத்தான். அந்த நல்ல நினைப்புத்தான் அவவை மாட்டி விட்டது.

எட்டாம் நாள் செலவு முடிய விடியக் காலமை சைக்கிளில வெளிக்கிட்டினம். அவர் பின்னால கரியரில, அவ உழக்குறா. செயின் கழண்டு கழண்டு, புளியங்குளம் தாண்டவே உச்சியாப் போச்சு. அங்கால ஒரு உடைஞ்ச மதகு இருக்கு, பக்கத்தில ஒரு பாலை மரம். அவருக்கு இனி ஏலாது. துவாயை மடிச்சுத் தலைக்கு வைச்சு, ஆஸ்பத்திரியில பழக்கின மாதிரியே தலையை இடப்பக்கம் திருப்பி, கோடு மேல பார்க்கப் படுத்தவர், கண் அயர்ந்திட்டார். அவ பக்கத்தில குந்தியிருந்து இலையான் கலைச்சுக்கொண்டிருந்தா. காத்து இல்லை. ஒரு குருவியும் இல்லை.

முதல் வந்தது மணம்...

டெற்றோல், ஆஸ்பத்திரி மணம். நடுக்காட்டுக்குள்ள ஆர் டெற்றோல் ஊத்தினது எண்டு அவ நிமிர்ந்தா. கொஞ்சத்தால டெற்றோலுக்குக் கீழயிருந்து மற்றது வந்தது... அலுமாரிக்குப் பின்னால எலி செத்துக் கிடந்தால் வருமே, அது. அதுக்கும் கீழ, மயிர் கருகின மணம். பிறகு சத்தம். சர்... சர்... ரப்பர் செருப்பை இழுத்து இழுத்து ஆரோ நடக்கினம். பார்த்தால், மதகுக் கட்டில ஒரு பொம்பிளை இருக்கிறா. நடந்து வந்ததைக் காணேல்லை. இருக்கிறதைத்தான் கண்டது. ஐம்பது வயசு மதிக்கலாம். அந்த வெயிலுக்குள்ள சீலையைக் கழுத்தைச் சுத்திப் போர்த்துக்கொண்டு இருந்தவ.

தானும் அதே ஆஸ்பத்திரியிலதான் கறண்ட் பிடிக்கிறன் எண்டாவாம் அந்த மனுசி. வீட்டை வரேக்க மழையில நனைஞ்சு கோடு அழிஞ்சு போட்டுதாம். கோடில்லாமல் உள்ளுக்கு எடுக்க மாட்டினம், எத்தினையோ பேரை மறிச்சுக் கேட்டுப் பார்த்திட்டன், எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகினம் எண்டு சொன்னவ. அந்தச் சொல் விமலேஸ்வரிக்குத் தைச்சுப்போச்சு. மனுசி சீலையை விலக்கிக் கழுத்தைக் காட்டினவ. அதே வலது காதுக்குக் கீழ.

சொல்லத்தான் வேணுமோ... சரி. தோல் இல்லை. கூழ்ப்பலாப்பழம் பழுத்து வெடிச்சால் உள்ளுக்கு எப்பிடியிருக்கும், அந்த மாதிரி. மஞ்சளா நீர் வடியுது. ஓரத்தில தோல் சுருண்டு கறுத்துக் கிடக்குது. இலையான் ஒண்டுகூட இல்லை. பக்கத்தில படுத்திருக்கிற யோகலிங்கத்தை மொய்க்கிற இலையான், இந்த மனுசிக்குக் கிட்டப் போகேல்லை. அதை அவ கவனிச்சிருக்கவேணும். கவனிக்கேல்லை. முகத்தைச் சுழிக்கக்கூடாது, முகத்தைச் சுழிக்கக்கூடாது எண்டு அதுதான் யோசினை.

"உம்மட மனுசன்ர கோட்டைப் பார்த்து அப்பிடியே கீறி விடும் பிள்ளை. ஒரே இடந்தான்."

விமலேஸ்வரி பென்சிலை எடுத்தா. நாக்கில தொட்டா. மனுசன்ர கழுத்தைப் பார்த்துப் பார்த்து மேல் கோட்டைக் கீறினா. பென்சில் நிக்கேல்லை, அமிழ்ந்துது. கீறிக்கொண்டு போக ஒரு சதைத் துணுக்குக் கூடவே கிளம்பி வந்தது. பல்லைக் கடிச்சுக்கொண்டு மூலை திருப்பினா. பென்சில் காய்ஞ்சு போச்சு... இனி என்ன? பழக்கதோசம். யோசிக்கேல்லை. வாயில வைச்சிட்டா.

ஓம். அதே பென்சிலைத்தான்.

உப்பு... பிறகு ஒரு கைப்பு... அதுக்குப் பிறகு அந்த எலி மணம் மூக்கால இல்லை, தொண்டைக்குள்ளால வருது. ஓங்காளிச்சு வந்ததை மற்றப்பக்கம் திரும்பி விழுங்கினா. சத்தி எடுத்தால் அந்த மனுசிக்கு மனம் நொந்துபோகும் எண்டு விழுங்கினாவாம். பாருங்கோ விமலேஸ்வரியின்ர குணத்தை. எனக்கெண்டால் சைக்கிளையும் விட்டிட்டு ஓடியிருப்பன்.

மெல்லத் தண்ணிப் போத்தலை எடுத்து, பென்சிலைக் கழுவித் தண்ணியில நனைச்சுக் கீறுவம் எண்டு பார்த்தா. மனுசி கையைப் பிடிச்சவ. கை குளிராம், அந்த வெயிலுக்குள்ள.

"தண்ணி வேண்டாம் பிள்ளை. தண்ணியில கீறினது தண்ணியோட போயிடும். எச்சில்லதான் நிக்கும். எனக்கு எச்சில் வத்திப்போச்சு... உம்மட்டக் கிடக்குதானே."

முதல் தரம் தெரியாமல் வைச்சது. அதுக்குப் பிறகு வைச்சதெல்லாம் தெரிஞ்சு வைச்சது. இன்னும் மூண்டு பக்கமும் ஒரு குருசும் பாக்கி. தொட்டுத் தொட்டுக் கீறி முடிச்சா. கண்ணால தண்ணி ஓடிச்சாம், அழுகையில்லை, ஓங்காளத்தில. நாலு மூலையும் மூட்டின உடன மனுசி எழும்பிச் சீலையைப் போர்த்தவ. "நல்ல எச்சில் பிள்ளை, இனி மழைக்கும் போகாது" எண்டு சொல்லிப்போட்டு வவுனியாப் பக்கம் நடந்தவ. சர்... சர்... விமலேஸ்வரி வாய் கொப்புளிக்கக் குனிஞ்சு நிமிர்ந்தா. நேர் றோட்டு. கண்ணுக்கெட்டுமட்டும் ஒருத்தருமில்லை. சத்தம் மட்டும் கொஞ்சநேரம் கேட்டதாம்.

மனுசனுக்கு அவ ஒண்டும் சொல்லேல்லை. மனுசன் எழும்பி என்ன மணக்குது எண்டு கேட்டதுக்கு, காட்டுக்குள்ள ஏதோ மிருகம் செத்துக் கிடக்கு எண்டு சொல்லிச் சமாளிச்சவ.

ஆஸ்பத்திரியில டாக்குத்தர் கோட்டைப் பார்த்து அளந்தார். சரி, ஒரு நூலும் விலகேல்லை. விமலேஸ்வரிக்கு அரை உயிர் வந்தது. அவரை உள்ளுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைச்சு, கதவைச் சாத்த வந்த வேறொரு நேர்ஸ் நிண்டு திரும்பிப் பார்த்திட்டு, சிங்களம் கலந்த தமிழில சொன்னவவாம்... கறண்ட் பிடிக்கேக்க உள்ளுக்கு ஒரு ஆள்தான் இருக்கலாம், மற்ற அம்மாவை வெளியில வரச் சொல்லுங்கோ எண்டு.

மற்ற அம்மா ஆர்? நேர்ஸ் திரும்பவும் உள்ள போய்ப் பார்த்தவ. யோகலிங்கம் மட்டும்தான் கிடந்தவர். தலையைச் சொறிஞ்சுகொண்டு வந்து கதவைச் சாத்தினவ. டக்... ங்ங்ங்ங்... வெளி விறாந்தையில நிண்ட விமலேஸ்வரிக்கு வாய் முழுக்க அந்தக் கைப்பு ஏறிச்சுதாம்.

வெளியில வந்த யோகலிங்கம் கழுத்தைத் தடவிக்கொண்டு சொன்னவர்.

"இஞ்சேரும்... உள்ளுக்க ஆரோ என்ர தலையைத் தள்ளித் தள்ளி இடமெடுக்கினம்."

அண்டைக்கு மட்டுமில்லை, ஒவ்வொரு நாளும். கட்டி அப்பிடியே கிடக்குது, ஒரு துளி வத்தேல்லை. ஆனால் காது மடல் கொப்பளிச்சுப் போச்சு, கன்னம் வெந்து போச்சு. கோட்டுக்கு வெளியில, நல்ல சதை. நீர் அசையிறீர், அசையாமல் படும் எண்டு அவருக்குப் பேச்சு. தலைக்கு ரெண்டு பக்கமும் மண்மூட்டை வைச்சு இறுக்கியும் பார்த்தினம். அந்த மண்மூட்டையும் விலகிக் கிடந்ததாம். தலையணைச் சீலையில அவற்ர தலை கிடந்த இடத்துக்குப் பக்கத்தில இன்னொரு தலையளவு ஈரம். மஞ்சள் ஈரம். அதை முதல் கண்டது விமலேஸ்வரிதான். கண்ட உடன விளங்கிப் போச்சு. அவற்ர கறண்ட் ஆருக்குப் போகுதெண்டு.

இன்னும் கொஞ்ச நாள் கறண்ட்தான் பாக்கி. அதுக்குள்ள அந்த மனுசியின்ர கோட்டை அழிக்காட்டில் யோகலிங்கம் இல்லை. அதுவும் தன்ர கையால கீறிக் குடுத்த கோடு. மாமியின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நான் எண்டாலும் ஊரில நிக்கவேணும் எண்டு மனுசனுக்குச் சொல்லிப்போட்டு, அவரை வாட்டில விட்டிட்டு, தனிய வவுனியா ரெயில் ஏறினா. பையுக்குள்ள ரெண்டு கட்டிச் சவுக்காரம், தேங்காய்த் தும்பு, ஒரு கான் தண்ணி. பேய்க்குப் பயந்து போறவை திருநீறு கொண்டுபோவினம். இவ பாத்திரம் மினுக்கப் போற மாதிரிப் போனவ.

உச்சிக்கு மதகடிக்குப் போய்ச் சேர்ந்தா. மனுசி கிடந்தவ. மதகுக் கட்டில நீட்டி நிமிர்ந்து, தலையை இடப்பக்கம் திருப்பி, கழுத்து மேல பார்க்க... ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுக்கிற மாதிரி. கிட்டப் போய்ப் பார்த்தால், கழுத்தில அரைவாசி ஆறியிருக்கு. புதுத்தோல். பிறந்த பிள்ளையின்ர தோல் மாதிரி மெல்லிசா, ரோசா நிறத்தில வந்திருக்கு. மற்ற அரைவாசி பழையபடி. ரெண்டுக்கும் மேலால ஊதாக் கோடு, நேற்றுக் கீறின மாதிரிப் பளிச்செண்டு.

"பாரும் பிள்ளை, தோல் வருது. எனக்கு இன்னும் கொஞ்சம்தான் கிடக்கு."

"அது அவற்ர கறண்ட் அம்மா. அவர் எனக்கு வேணும்."

"உமக்கு அவர் இருக்கிறார். எனக்கு ஆர் இருக்கினம்?"

விமலேஸ்வரி பையைத் திறந்தா.  இரக்கம் வரேல்லையெண்டு சொல்ல மாட்டன், வந்தது எண்டுதான் தமக்கைக்குச் சொன்னவ. ஆனால் தும்பில சவுக்காரத்தைப் போட்டுத் தேய்க்கத் தொடங்கினா. மனுசி தடுக்கேல்லை. நுரை ஊதாவாகேல்லை, சிவப்பாத்தான் வந்தது. புதுத்தோல் உரிஞ்சு தும்போட வந்தது. பழைய சதை கட்டி கட்டியாக் கழண்டு மதகுக் கட்டில விழுந்தது. அவ்வளவும் போயும்... கோடு நிக்குது. கீழ் சதையிலயும் அதே கோடு. கான் தண்ணி முழுக்க ஊத்தியாச்சு. நிக்குது.

"மழைக்கும் போகாதெண்டனான்தானே பிள்ளை."

தும்பைக் கீழ போட்டா. எச்சில்ல நிண்டது வேற எதில போகும்? அது அவவுக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. தெரியாத மாதிரி நிண்டவ. யோகலிங்கம் தலையைத் தள்ளுகினம் எண்டு சொன்னதை நினைச்சா. பிறகு மதகுக் கட்டில ஏறியிருந்து, அந்த மனுசியின்ர தலையைத் தூக்கித் தன்ர மடியில வைச்சா. குனிஞ்சா.

நக்கினவ.

பொறுங்கோ... எனக்கே தொண்டைக்குள்ள வருது. அந்தத் தண்ணியைத் தாங்கோ.

மேல் கோடு. வலக்கோடு. நாக்குப் பட்ட இடமெல்லாம் ஊதா விட்டுப்போச்சுதாம். எந்த இடத்தில புதுத்தோல், எந்த இடத்தில பழசு எண்டு நாக்குக்குத் தெரிஞ்சதாம். சவுக்காரக் கைப்பு ஒரு பக்கம், சீழ் ஒரு பக்கம். இடையில ரெண்டு தரம் சத்தி எடுத்தா. எடுத்திட்டுத் திரும்பவும் குனிஞ்சா. மனுசி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவ. பிள்ளைக்கு ஈர்கொல்லி வைச்சுப் பேன் இழுக்கேக்கப் பிள்ளை கிடக்குமே, அப்பிடிச் சுகமா. "ஆறுதலா, பிள்ளை..." எண்டு மட்டும் ஒருக்கால் சொன்னதாம். கடைசியா நடுவில இருந்த குருசு. அது ஆழம். அதுக்குக் கனநேரம் எடுத்ததாம்.

முடிஞ்சு நிமிரேக்க மடியில பாரம் இருந்தது, ஆள் இல்லை. சீலை நனைஞ்சு கிடந்தது.

அங்கால ஆஸ்பத்திரியில அடுத்த நாள் யோகலிங்கத்தின்ர மண்மூட்டை விலகேல்லை. தலையை ஒருத்தரும் தள்ளேல்லை. கட்டி உப்புக்கல்லில தண்ணி பட்ட மாதிரி நாளுக்கு நாள் கரைஞ்சு போச்சு. டாக்குத்தர் தோளில தட்டிச் சந்தோசப்பட்டவராம். இண்டைக்கும் யோகலிங்கம் கனகராயன்குளத்தில வயல் செய்துகொண்டு இருக்கிறார். காது மடல் கொஞ்சம் சுருங்கிக் கிடக்கும், சோத்துக்குத் தண்ணி வேணும், அவ்வளவுதான். எல்லாம் கறண்டின்ர புண்ணியம் எண்டு போற வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவார். தன்ர மனுசி என்ன செய்தவ எண்டு அவருக்குத் தெரியாது. தெரியப்படுத்திப் போடாதையுங்கோ.

ஆனால் கதிர்காமநாதன் சொன்னவன்... மச்சாள் விமலேஸ்வரி இப்பவும் இடைக்கிடை, காலமைச் சமையலை முடிச்சு மனுசனுக்குச் சோத்தை மூடி வைச்சிட்டு, தனியச் சைக்கிள் எடுத்துக்கொண்டு புளியங்குளப் பக்கம் வெளிக்கிடுறாவாம். பின்னேரம்தான் வருவா. வந்தால் இரவைக்குச் சாப்பிட மாட்டா, பசிக்கேல்லை எண்டுவாவாம்.

போன மாசம் ஜெகதீஸ்வரி தங்கச்சியைப் பிடிச்சு இருத்திக் கேட்டவ. மனுசனும் சுகமாப் போனார், கோடும் எப்பவோ அழிஞ்சு போட்டுது, பிறகேன் அங்க போறாய் எண்டு.

விமலேஸ்வரி நாக்கு நுனியால உதட்டைத் தடவினா. வாயில ஊறினதை விழுங்கினாவாம்.